ஞாயிற்றுக்கிழமை அனிமேஷன் கூட்டம்: வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சொந்த ஆசைக்காக கம்ப்யூட்டரில் அனிமேஷன் செய்பவர்கள் நாங்கள் கூடுகிறோம். புதிதாக வருபவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மாதாமாதம் அதையே சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதிவைத்துவிட்டேன்.

எனக்கு ஒன்றுமே தெரியாது. வரலாமா?

வரலாம். எங்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். முதல் தடவை சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனால்கூடப் போதும். இரண்டாம் தடவை வரும்போது மட்டும் கையில் ஏதாவது ஒன்று இருக்கட்டும். ஐந்து விநாடி ஓடினால் போதும். அது முடிந்திருக்க வேண்டியதில்லை. முடியாமல் இருந்தால் இன்னும் நல்லது. முடிந்துபோன படத்தைப் பார்த்து நாங்கள் கைதட்டத்தான் முடியும். பாதியில் நிற்பதைக் கொண்டுவந்தால் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கலாம்.

யாரெல்லாம் வருகிறார்கள்?

ஊர் கோவை என்பதால் பம்பு, மோட்டார் கம்பெனிகளில் டிராயிங் போடுபவர்கள் தவறாமல் இருப்பார்கள். வாரம் முழுக்க சாலிட்வொர்க்ஸில் இம்பெல்லர் வரைந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாய்க்குட்டியை ஓடவைக்க வேண்டும் என்று ஆசை. திருப்பூரில் பனியனுக்குப் படம் வரைபவர் ஒருவர் பஸ் பிடித்து வருகிறார். ஒரு தமிழாசிரியை, சில கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற இரண்டு மூன்று பேர். ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு அனிமேஷன் செய்பவர்களும் எப்போதாவது வந்து கடைசி வரிசையில் உட்காருவார்கள். அவர்களை அதிகம் தொந்தரவு செய்யாதீர்கள், பாவம், அவர்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள் லீவுதான்.

கூட்டத்தில் என்னதான் நடக்கும்?

இரண்டரைக்குத் தொடங்குவதாகச் சொல்வோம், மூன்றுக்குத் தொடங்கும். முதல் ஒன்றரை மணி நேரம் பார்ப்பதற்கு. ஒருவர் தன் துண்டுப் படத்தை ப்ரொஜெக்டரில் போடுவார். பத்து விநாடிக்கு மேல் கூடாது. அதை மூன்று முறை ஓட்டுவோம். முதல் முறை சும்மா. இரண்டாம் முறை சத்தத்தை அணைத்துவிட்டு. இசை நிறையக் குறைகளை மூடிமறைக்கும், அது போனதும் அசைவு மட்டும் தனியாக நிற்கும். மூன்றாம் முறை ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது அசைவை உண்டாக்கும் ஒவ்வொரு தனிப்படமாக, அம்புக்குறிக் கீயைத் தட்டித் தட்டி. கூட்டமே இந்த மூன்றாவது ஓட்டத்துக்காகத்தான் என்று நான் சொல்வேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு பையன், தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும் பெண்ணைச் செய்துகொண்டு வந்திருந்தான். உருவம் (மாடல்) அழகு, வெளிச்சம் அழகு, ஆனால் குடத்தில் தண்ணீரே இல்லாத மாதிரி இருந்தது. ஏன் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பேரனோடு துணைக்கு வந்திருந்த ஒரு அம்மா, மவுஸைக்கூடத் தொட்டிராதவர், சொன்னார்: “குடத்த இப்படித் தூக்குனா இடுப்பு புடிச்சுக்குமே கண்ணு.” ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டினோம். கை குடத்தைத் தொட்ட அதே ஃபிரேமில் குடம் மேலே கிளம்பிவிட்டது. முதுகு நட்டுக்குத்தலாக இருந்தது. எடையைத் தாங்கும் முன் உடம்பு கொஞ்சம் கீழே இறங்க வேண்டும், எதிர்ப்பக்க இடுப்பு வெளியே தள்ள வேண்டும், கழுத்து இழுபட வேண்டும். அனிமேஷன் பாடத்தில் இதற்கு ‘ஆன்டிசிபேஷன்’ என்று பெயர், டிஸ்னி ஸ்டுடியோக்காரர்கள் வகுத்த 12 அடிப்படைகளில் ஒன்று. அந்த அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. பையன் வீட்டுக்குப் போய் வெறும் ஆறு ஃபிரேம் கூட்டினான். அடுத்த மாதம் குடம் நிறைந்திருந்தது.

பேசுவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. “சூப்பர்”, “நல்லா இருக்கு” இரண்டுக்கும் தடை. உங்கள் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ அதைச் சொல்ல வேண்டும்: “அவன் கோபமாக இருக்கிறான் என்று நினைத்தேன்”, “பந்து சுவருக்குள் போய்விட்டது” என்கிற மாதிரி. படத்தைச் செய்தவர் கடைசியில்தான் வாய் திறக்கலாம். அவர் முதலில் விளக்கிவிட்டால், எல்லோரும் படத்தை விட்டுவிட்டு விளக்கத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்புறம் டீ. டீக்குப் பிறகு யாராவது ஒருவர் தனக்குத் தெரிந்த ஒரே ஒரு வித்தையை இருபது நிமிடம் செய்து காட்டுவார். மீதி நேரம், சிக்கிக்கொண்டவர்களின் லேப்டாப்பைச் சுற்றித் தலைகள் குவிந்திருக்கும்.

யூடியூபில் எல்லாமே கிடைக்கிறதே, நேரில் எதற்கு?

பாடம் கிடைக்கிறது, சரி. நீங்கள் செய்ததில் என்ன தப்பு என்று எந்த வீடியோவும் திரும்பிச் சொல்லாது. கம்ப்யூட்டர் ஆசை உள்ளவர்கள் நேரில் கூடிப் பேசுகிற பழக்கம் பழையது. 1975 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டு கார் ஷெட்டில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் முதன்முதலாகக் கூடியது. ஸ்டீவ் வோஸ்னியாக் தன் முதல் ஆப்பிள் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்க் காட்டியது அந்தக் கூட்டத்தாரிடம்தான். நாங்கள் அந்த அளவுக்கெல்லாம் ஒன்றும் கிழிக்கவில்லை. ஆனால் எங்களிடமும் ஒரு சாதனை இருக்கிறது. பிளெண்டர் என்ற இலவச அனிமேஷன் சாஃப்ட்வேரைக் கற்க வருபவர்கள் எல்லோரும் யூடியூபைப் பார்த்து முதலில் டோனட் செய்வார்கள். இங்கே ஒருவர் அதே வளையத்தை வைத்து உளுந்து வடை செய்தார். மொறுமொறுப்பான மேல்தோல் வர அவர் இரண்டு மாதம் பட்டபாடு டோனட்காரர்களுக்குப் புரியாது.

எந்த சாஃப்ட்வேர் பயன்படுத்த வேண்டும்?

கட்டாயம் எதுவுமில்லை. முக்கால்வாசிப் பேர் பிளெண்டர். கையால் வரைபவர்கள் கிருதா, ஓபன்டூன்ஸ், அல்லது பிளெண்டருக்குள்ளேயே இருக்கும் கிரீஸ் பென்சில். எல்லாமே இலவசம். மாணவர்கள் ஆட்டோடெஸ்கின் கல்வி உரிமத்தில் மாயா என்ற விலையுள்ள சாஃப்ட்வேரையும் காசில்லாமல் பயன்படுத்தலாம். கிராக் செய்த சாஃப்ட்வேரை மட்டும் இங்கே யாரும் யாருக்கும் ஏற்றித்தர மாட்டோம். கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள்.

பிளெண்டரின் கதையே ஒரு பயனர் கூட்டத்தின் கதைதான். நெதர்லாந்தில் டான் ரோசன்டால் தன் அனிமேஷன் ஸ்டுடியோவின் சொந்த உபயோகத்துக்காக 1994இல் எழுதத் தொடங்கியது அது. பிறகு அதை விற்கத் தொடங்கிய கம்பெனி 2002இல் மூடிக்கொண்டது. அதன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட முதலீட்டாளர்கள் கேட்டது 1,00,000 யூரோ. பயன்படுத்துகிறவர்கள் இணையத்தில் கைக்காசு போட்டு ஏழே வாரத்தில் அதைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 13 அன்று நிரல் எல்லோருக்கும் பொதுவானது. 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய லாத்வியப் படம், பூனை ஒன்று வெள்ளத்தில் படகில் போகுமே, அது பிளெண்டரில் செய்ததுதான். “இலவச சாஃப்ட்வேர்ல என்னங்க பெரிசா பண்ணிட முடியும்” என்று கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் இந்த ஒரு பதிலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் லேப்டாப் பழசு. தாங்குமா?

8 ஜிபி ரேம் இருந்தால் கற்றுக்கொள்ளலாம், 16 இருந்தால் நிம்மதி. பிளெண்டர் 4.0 முதல் விண்டோஸிலும் லினக்ஸிலும் கிராஃபிக்ஸ் சிப்புக்கு ஓபன்ஜிஎல் 4.3 என்ற வசதி வேண்டும், அது இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. பயப்பட வேண்டாம், பழைய பதிப்புகள் எல்லாம் பிளெண்டரின் தளத்திலேயே கிடைக்கின்றன. எங்களில் ஒருவர் இன்னமும் 2.79இல்தான் இருக்கிறார், பிடிவாதக்காரர்.

சக்கரம் வைத்த மவுஸ் ஒன்றைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். டச்பேடோடு பிளெண்டரில் மல்லுக்கட்டுவது கையுறை போட்டுக்கொண்டு பூக்கட்டுவது மாதிரி. லேப்டாப்பில் எண் விசைகள் தனியாக இல்லையென்றால் பிரிஃபரன்ஸஸில் இன்புட் பகுதிக்குப் போய் ‘எமுலேட் நம்பேட்’ என்பதை டிக் செய்துவிடுங்கள், மேலே உள்ள எண் வரிசையே வேலை செய்யும். சார்ஜரும் முடிந்தால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும். ஹாலில் இருப்பது நான்கே பிளக் பாயிண்ட்.

ஏன் எல்லோரையும் முதலில் பந்து துள்ளவைக்கச் சொல்கிறீர்கள்?

பந்துக்கு முகம் கிடையாது, முடி கிடையாது, டெக்ஸ்சர் (மேலே ஒட்டும் மேற்பரப்புப் படம்) கிடையாது. ஒளிந்துகொள்ள இடமே இல்லை. மேலே, தரை, மேலே என்று மூன்று கீஃபிரேம் (எந்த ஃபிரேமில் பந்து எங்கே என்று நாம் வைக்கும் குறி) வைத்துப் பாருங்கள். பந்து பலூன் மாதிரி மிதந்து இறங்கும். காரணம், இரண்டு கீஃபிரேமுக்கு நடுவே பிளெண்டர் தானாகப் போடும் வளைகோடு இரு முனையிலும் வேகத்தைக் குறைத்து வழவழப்பாக்கிவிடும். உச்சியில் வேகம் குறைவது சரி, புவியீர்ப்பு அப்படித்தான். தரையை நெருங்கும்போது குறையக்கூடாது, அங்கேதான் வேகம் அதிகம். கிராஃப் எடிட்டரைத் திறந்து, தரைப் புள்ளியைத் தேர்ந்து, வி கீயை அழுத்தி ‘வெக்டர்’ கொடுங்கள். வளைவு கூராகும், பந்து தரையில் ‘டப்’ என்று அடிபடும். அந்த ஒரு நொடியில் நிறையப் பேரின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஒரே உருண்டையை ரப்பர் பந்தாகவும் கோலிக்குண்டாகவும் செய்து வரச் சொல்வோம். நிறம் மாற்றக் கூடாது. எத்தனை தடவை துள்ளுகிறது, ஒவ்வொரு துள்ளலும் எவ்வளவு உயரம், எத்தனை ஃபிரேம் என்பதை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றாவது வீட்டுப்பாடம் தேங்காய். அது துள்ளாது, கோணலாக உருளும். அதில்தான் ஆள் மாட்டுவார்.

மகாபாரதத்தை அனிமேஷன் படமாக எடுக்க ஆசை. உதவுவீர்களா?

வருடத்துக்கு இரண்டு பேராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். ஒருவர் பொன்னியின் செல்வனோடு வந்தார். சிரிக்க மாட்டோம், ஆனால் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுப்போம்.

சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். இரண்டு நிமிடம் என்றால் 2,880. ஒரு ஃபிரேம் ரெண்டர் ஆக, அதாவது வெளிச்சம் நிழலெல்லாம் கணக்கிட்டு முழுப் படமாக வர, உங்கள் லேப்டாப் மூன்று நிமிடம் எடுத்தால் 8,640 நிமிடம், அதாவது 144 மணி நேரம், அதாவது ராத்திரி பகலாக ஆறு நாள். இது அசைவெல்லாம் செய்து முடித்த பிறகு வருகிற கணக்கு. பிளெண்டர் அமைப்பே 2008இல் வெளியிட்ட ஒரு முயல் படம் சுமார் பத்து நிமிடம்தான் ஓடும். அதற்கே ஒரு முழுக் குழு அதே வேலையாக மாதக்கணக்கில் உட்கார்ந்தது.

ஆகவே மகாபாரதம் வேண்டாம், பீமன் கதாயுதத்தைத் தோளில் வைக்கிற ஐந்து விநாடி போதும். அது நன்றாக வந்தால் பீமன் உட்கார்ந்து சாப்பிடுகிற ஐந்து விநாடி. இப்படிப் பன்னிரண்டு மாதம் வந்தால் ஒரு நிமிடம் சேர்ந்துவிடும், அந்த ஒரு நிமிடமும் பார்க்கும்படி இருக்கும்.

ரெண்டர் நேரத்தைக் குறைக்கவும் வழி இருக்கிறது. பிளெண்டரின் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் முறையில், ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தை எத்தனை தடவை கணக்கிடுவது என்னும் சாம்பிள் எண்ணிக்கை ஆரம்பத்தில் 4,096 என்று இருக்கும். 128க்கு இறக்கி, புள்ளி புள்ளியாகத் தெரிவதைத் துடைக்கும் டீநாய்ஸைப் போட்டுப் பாருங்கள், பல காட்சிகளுக்கு அதுவே தாராளம். டீநாய்ஸ் போட்ட படம் ஓடும்போது சில சமயம் நிழல்கள் கொதிக்கிற மாதிரி துடிக்கும், அப்போது கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். இல்லை, பிளெண்டரிலேயே இருக்கும் வேகமான ஈவி ரெண்டருக்கே போய்விடுங்கள். மேலே சொன்ன பூனைப் படமே ஈவியில் ரெண்டர் ஆனதுதான்.

ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால்?

என் முதல் படம் அப்படித்தான் போனது. நேராக எம்பி4 வீடியோவாக ரெண்டர் கொடுத்துவிட்டுத் தூங்கினேன். விடியற்காலை நான்கு மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. காலையில் திறந்தால் கோப்பு இருக்கிறது, ஓடவில்லை. ஏழு மணி நேர வேலை.

வீடியோவாக ரெண்டர் செய்யாதீர்கள். ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி பிஎன்ஜி படமாக விழட்டும். 137ஆவது ஃபிரேமில் கரண்ட் போனால் 136 பத்திரமாக இருக்கும். அவுட்புட் பகுதியில் ‘ஓவர்ரைட்’ டிக்கை எடுத்துவிட்டால், மறுபடி ரெண்டர் கொடுக்கும்போது ஏற்கெனவே இருக்கும் படங்களைத் தாண்டி விட்ட இடத்திலிருந்து தொடரும். பாதியில் எழுதப்பட்ட அந்தக் கடைசிப் படத்தை மட்டும் முதலில் அழித்துவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் பிளெண்டரின் வீடியோ எடிட்டரிலேயே கோத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், சில நிமிட வேலைதான்.

பாத்திரம் தமிழ் பேசினால் வாயசைவு ஒட்டவே மாட்டேன் என்கிறதே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

இணையத்தில் கிடைக்கும் வாயசைவுப் படங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்குப் போட்டவை. அதை அப்படியே தமிழுக்கு வைத்தால் டப்பிங் படம் மாதிரி இருக்கும். முதலில் ப, ம. இரண்டுக்கும் உதடு மூடியே ஆக வேண்டும். ஒரு ஃபிரேம் மட்டும் மூடினால் கண்ணுக்குத் தெரியாது, குறைந்தது இரண்டு வேண்டும். தமிழில் இரட்டித்து வரும் இடங்கள் அதிகம்: அப்பா, அம்மா, பப்பாளி. அங்கே மூன்று, நான்கு ஃபிரேம் மூடியே வைத்திருந்தால்தான் ‘ப்ப’ காதில் விழுகிற மாதிரி கண்ணிலும் விழும். சத்தத்துக்கு ஒரு ஃபிரேம் முன்னதாகவே வாய் அந்த வடிவத்துக்கு வந்துவிட வேண்டும். ழ, ள, ல மூன்றுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, நாக்குதான் வேலை செய்கிறது. அதற்காகத் தனி வடிவம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

அப்புறம் உகரம். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள், நானும் இரண்டு வருடம் தவறினேன். ‘உ’ என்றால் உதடு குவியும் என்று எல்லா இடத்திலும் குவித்துவைத்தேன். பாத்திரம் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் முத்தம் கொடுப்பது மாதிரி இருந்தது. எங்கள் தமிழாசிரியைதான் கண்டுபிடித்துச் சொன்னார்: “சார், அது குற்றியலுகரம்.” சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கிற உகரம். பசு என்று சொல்லிப் பாருங்கள், உதடு குவிகிறது. காசு என்று சொல்லுங்கள், குவிவதில்லை. பாட்டு, வீடு, சோறு எல்லாம் அப்படித்தான். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த இலக்கணம் இப்படி டைம்லைனில் வந்து நிற்கும் என்று யார் கண்டார்கள்.

தானாகச் செய்துதர ருபார்ப் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. ஆங்கிலம் அல்லாத மொழிகளுக்கு அதில் ‘ஃபொனடிக்’ என்ற முறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முக்கால் வேலையை முடித்துக் கொடுத்துவிடும். மீதியை, முக்கியமாக வாக்கியக் கடைசியில் வரும் உகரங்களை, கையால் திருத்துங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டுக் கண்ணாடி முன்நின்று அந்த வசனத்தைப் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். வீட்டில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பழகிவிடும்.

டைட்டிலில் தமிழ் எழுத்து உடைந்து வருகிறது, என்ன செய்வது?

நாங்கள் பயன்படுத்திய பிளெண்டர் பதிப்புகளில் ‘கொ’ என்று போட்டால் கொம்பும் காலும் இடம் மாறித்தான் வந்தன. இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகருவியில் தமிழை அடித்து, அதைப் பாத் (வெறும் கோட்டு வடிவம்) ஆக மாற்றி, எஸ்விஜி கோப்பாகச் சேமித்து உள்ளே இழுங்கள். எழுத்துத் திருத்தம் வந்தால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும் என்பதால், எழுத்துப்பிழையை முன்பே பார்த்துவிடுங்கள்.

சினிமாப் பாட்டு, இறக்கிய மாடல் இவற்றைப் பயன்படுத்தலாமா?

ஹாலுக்குள் போட்டுக் காட்டும் பயிற்சித் துண்டில் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. வெளியே பதிவேற்றுவதென்றால் சினிமாப் பாட்டு வேண்டாம். மாடல்களுக்கும் டெக்ஸ்சர்களுக்கும் பாலி ஹேவன் தளம் இருக்கிறது, அங்கே உள்ளவை சிசி0 உரிமத்தில் வருபவை, பெயர் போட வேண்டிய அவசியம்கூட இல்லை. மற்ற இடங்களில் எடுத்தால் உரிமத்தைப் படித்துவிட்டு எடுங்கள். பிளெண்டரில் நீங்கள் செய்த படம் முழுக்க உங்களுடையது, விற்கலாம்.

ஏஐயில் செய்த வீடியோவைக் கொண்டுவரலாமா?

கொண்டுவாருங்கள், டீ நேரத்தில் பார்ப்போம். பார்வை நேரத்தில் இடம் கிடையாது. இதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, ஆனால் என் காரணம் எளிது. மூன்றாவது ஓட்டத்தில் “இந்த ஃபிரேமில் தோள் ஏன் முன்னால் வந்தது” என்று கேட்டால் செய்தவரிடம் பதில் இருக்க வேண்டும். அந்தத் தோளை மட்டும் இரண்டு ஃபிரேம் தள்ளிவைக்கவும் முடிய வேண்டும். “வேற பிராம்ப்ட் போட்டுப் பார்க்கிறேன்” என்பதை வைத்துக்கொண்டு எங்களால் பேச முடியவில்லை.

இங்கே வந்தால் வேலை கிடைக்குமா?

கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். இது பயிற்சி நிலையம் அல்ல, சான்றிதழும் கிடையாது. இங்கிருந்து ஸ்டுடியோ வேலைக்குப் போனவர்களும் உண்டு, போய்விட்டு வேறு வேலைக்குத் திரும்பியவர்களும் உண்டு. வேலைக்கு முயல்கிறீர்கள் என்றால் உங்கள் ரீலை (செய்தவற்றில் சிறந்த துண்டுகளைக் கோத்த மாதிரிப் படம்) இங்கே போட்டுக் காட்டுங்கள். எதை வெட்ட வேண்டும் என்று சொல்வோம்.

பிள்ளைகளை அழைத்து வரலாமா? கட்டணம் எவ்வளவு?

வரலாம், சின்னப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் இருந்தால் நல்லது. கட்டணம் கிடையாது. டீக்கும் பஜ்ஜிக்கும் ஒரு டப்பா சுற்றி வரும், முடிந்ததைப் போடுங்கள். ஐந்தரைக்கெல்லாம் ஹாலைப் பெருக்கிக் கொடுத்துவிட வேண்டும், அதில் மட்டும் எல்லோருக்கும் பங்கு உண்டு.

லேப்டாப்பைத் தூக்கி வர முடியாது. பென் டிரைவ் போதுமா?

போதும். வீடியோவோடு பிளெண்டர் கோப்பையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். கிளம்பும் முன் ஃபைல் மெனுவில் எக்ஸ்டர்னல் டேட்டாவுக்குப் போய் ‘பேக் ரிசோர்ஸஸ்’ கொடுத்துச் சேமியுங்கள். இல்லாவிட்டால் டெக்ஸ்சர் எல்லாம் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும், இங்கே திறந்தால் அந்த இடமெல்லாம் அடர் பிங்க் நிறமாகத்தான் தெரியும். போன மாதம் ஒருவரின் கிராமம் முழுக்க, கோவில் கோபுரம், மாடு, வைக்கோல்போர் உட்பட, அப்படித்தான் வந்தது. அதையும் மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம். மாடு நடந்தது நன்றாகவே இருந்தது.